ஆலயம் தந்த தீர்ப்பு மட்டும் போதாது

கத்தோலிக்கத் திருச்சபையில் விவாகரத்து கிடையாது. ஆனால், மிரட்டி வாங்கிய சம்மதம், முக்கிய உண்மையை மறைத்த ஏமாற்று, மணவாழ்வின் கடமைகளை ஏற்க முடியாத உளநிலை போன்ற காரணங்கள் நிரூபிக்கப்பட்டால், அந்தத் திருமணம் தொடக்கம் முதலே செல்லாதது என்று மறைமாவட்டத் தீர்ப்பாயம் அறிவிக்கும். இதற்கான விதிகள் 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் உள்ளன. மொத்தம் 1752 விதிகள். சீரோ மலபார் போன்ற கீழைத் திருச்சபைகளுக்கு 1990இல் தனித் தொகுப்பு வந்தது.

இந்தச் சட்டத்தைப் படித்து முதுநிலைப் பட்டமோ முனைவர் பட்டமோ பெற்றவர்களே தீர்ப்பாயத்தின் தூண்கள். அவர்களில் என்னை மிகவும் கவர்ந்தவர் 'திருமணப் பிணைப்பின் காவலர்'. கணவன், மனைவி இருவருமே பிரிய விரும்பினால், அந்தத் திருமணத்துக்காகப் பேச யாருமே இருக்கமாட்டார்கள். 1741இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் அந்தக் குறையைத் தீர்க்கவே இப்பதவியை உருவாக்கினார். செல்லும் என்பதற்கு நியாயமாகச் சொல்லக்கூடிய அத்தனையையும் எடுத்துவைப்பது இவர் கடமை. பொதுநிலையினரும், பெண்களும்கூட, இப்பொறுப்புக்கு வரலாம்.

முன்பு இரண்டு தீர்ப்பாயங்கள் ஒரே முடிவுக்கு வந்தால்தான் மறுமணத்துக்கு வழி. பலருடைய இளமை அந்தக் காத்திருப்பிலேயே கழிந்தது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் இரண்டாவது தீர்ப்புக் கட்டாயத்தை நீக்கினார். மனிதர் படும் பாட்டை உணர்ந்து செய்த மாற்றம் அது. திருமணம் செல்லாது என்றால் பிள்ளைகள் என்னாவார்கள் என்று தாய்மார்கள் பதறுகிறார்கள். நல்லெண்ணத்தில் நடந்த மணத்தில் பிறந்த பிள்ளைகள் சட்டபூர்வமானவர்களே என்கிறது 1137ஆம் விதி.

நம் ஊரில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தீர்ப்பாயத்தின் தாள் கைக்கு வந்ததும், எல்லாம் முடிந்தது என்று நினைத்து மறுமணத்துக்கு நாள் குறித்துவிடுகிறார்கள். நாட்டின் சட்டப்படி முதல் திருமணம் அப்படியே இருக்கிறது. 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தின்படி நீதிமன்றம் தரும் ஆணைதான் அதை முடிக்கும். உச்ச நீதிமன்றம் 1996இலும் 2017இலும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆணை இல்லாமல் மணந்தால் இருதாரமணக் குற்றம். ஏழு ஆண்டு வரை சிறை.

திருச்சபைச் சட்ட வல்லுநர்களே, மனுதாரர் உங்களிடம் வரும் முதல் நாளிலேயே இதை எளிய தமிழில் சொல்லுங்கள். பங்குத்தந்தையரே, மறுமண ஓலை வாசிக்கும் முன் நீதிமன்ற ஆணையையும் கேட்டு வாங்குங்கள்.