கதிரையில் மோதும் முயல்

வீட்டு முயலுக்குக் கண் தெரியவில்லை என்பது பெரும்பாலும் ஏதாவது பொருளை இடம் மாற்றிய பிறகுதான் பிடிபடும். விறாந்தையில் கிடந்த கதிரையை நாலடி தள்ளிப் போட்டிருப்பார்கள். அதுவரை ஒழுங்காக ஓடித்திரிந்த முயல் நேரே போய் அதன் காலில் மோதும். "நேற்றுவரைக்கும் நல்லாத்தானே நிண்டது" என்பார்கள் வீட்டுக்காரர். பார்வை போய் மாதக்கணக்காகியும் இருக்கலாம்.

முயல் நரிக்கும் நாய்க்கும் பருந்துக்கும் இரையாகிற பிராணி. நோவை வெளியே காட்டினால் உயிர் தப்பாது என்பது அதன் பிறவிப் பாடம். கண் மங்கத் தொடங்கியதும் காதாலும் மூக்காலும் மீசையாலும் வீட்டை அளந்து மனதில் வைத்துக்கொள்ளும். குட்டியாக இருக்கையில் அதற்கு இது பழக்கமானதுதான். பிறந்து பத்துப் பன்னிரண்டு நாட்கள் வரை கண் திறக்காமலே தாயின் மடியைத் தேடிப் பிடித்த பிராணி அது.

ஆனால் மோதுவதெல்லாம், தடுமாறுவதெல்லாம் குருடு அல்ல. முயலின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் தன்னைச் சுற்றிலும் ஏறக்குறைய முழுவதையும் அது பார்க்கும். மூக்குக்கு நேர் முன்னால் உள்ள சிறு இடம் மட்டும் தெரியாது. வாயருகே நீட்டிய முருங்கையிலையை அது மணந்து தேடுவது அதனால்தான். சிவப்புக் கண் வெள்ளை முயல் தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டுவதைக் கண்டும் பயப்படத் தேவையில்லை. கண்ணில் நிறமி இல்லாததால் அதற்குப் பார்வை இயல்பிலேயே மங்கல். ஆட்டிப் பார்த்துத்தான் தூரத்தைக் கணிக்கும்.

சந்தேகமென்றால் ஒரு துண்டுப் பஞ்சு போதும். முயல் அமைதியாக இருக்கும்போது, கையை அசைக்காமல், அதன் ஒரு பக்கத்தில் மேலிருந்து பஞ்சை விழவிடுங்கள். பஞ்சு சத்தம் போடாது, காற்றையும் கிளப்பாது. கண் தெரிந்தால் பெரும்பாலும் தலை திரும்பும், காது அசையும். மறு பக்கமும் அப்படியே பாருங்கள். ஒரு கண் மட்டும் போன முயல்கள்தான் எங்கள் பார்வைக்குத் தப்புகின்றன. எப்போதும் ஒரே பக்கமாகச் சுவரை அண்டி இருப்பதும், கண் தெரியாத பக்கத்தில் தொட்டால் துள்ளுவதும், சாதுவாக இருந்தது திடீரெனக் கடிப்பதும் இதன் அடையாளங்கள்.

காரணங்களில் பாதி எங்கள் கூட்டிலேயே இருக்கிறது. மாரி மழைக்குக் கூட்டைத் தறப்பாளால் இறுக்கி மூடிவிடுவோம். கீழே தேங்கும் மூத்திரத்தின் அமோனியா வாடை வெளியேற வழியில்லாமல் கண்ணை எரிக்கும். சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் புழுதி. இரண்டும் கண்ணைச் சிவக்கவைத்துக் கிருமிக்கு வழிவிடும். மற்றது சாப்பாடு. 'கரட் கண்ணுக்கு நல்லது' என்று கரட்டும் பாணும் பிஸ்கட்டுமாகக் கொடுத்து வளர்க்கும் முயலின் பற்கள் தேயாது. முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளரும். புல்லை மணிக்கணக்காக அரைத்தால்தான் தேயும். தேயாத பல்லின் வேர் மேல்நோக்கித் தள்ளிக் கண்ணீர்க் குழாயை அடைக்கும். கண்ணின் கீழ் மூலையில் பால் போன்ற சீழ் வடியும். கரட்டைக் குறைத்து அறுகம்புல்லைக் கூட்டுவதே அந்த முயலின் கண்ணுக்கு நல்லது.

இன்னொன்று என்செபலிட்டோசூன் குனிகுலை என்ற நுண்ணிய ஒட்டுண்ணி. தாயின் வயிற்றிலேயே குட்டியின் கண்வில்லைக்குள் புகுந்து, பின்னொரு நாள் வில்லையை வெடிக்கவைக்கும். பெரும்பாலும் இளம் முயல், ஒரு கண், கருவிழிக்குள் வெள்ளைக் கட்டி. தலை ஒருபக்கம் சரிந்துபோவதும் இதே ஒட்டுண்ணியால் வரலாம். ஆடு மாட்டுக்குப் பூச்சிமருந்தாகக் கொடுக்கும் பென்பெண்டசோலை இதற்கு வழமையாக 28 நாட்கள் கொடுப்பார்கள். அளவை மிருக வைத்தியர்தான் சொல்லவேண்டும். மூத்திரத்தால் பரவுவதால் கூட்டைக் கொதிநீர் ஊற்றிக் கழுவுவது அவசியம். வயதால் வரும் கண்புரையும் கண் அழுத்தமும் வேறு. நியூசிலாந்து வெள்ளை இனத்தில் கண் அழுத்தம் பரம்பரையாகவும் வரலாம்.

பாமசியில் வாங்கிய மனிதர் கண் சொட்டுமருந்தை ஊற்றுவதுதான் நான் கேள்விப்படும் பெரிய பிழை. அதில் ஸ்டீரொய்ட் இருந்து, கண்ணில் வைக்கோல் குத்திய புண்ணும் இருந்தால், புண் ஆழமாகிக் கண்ணே போய்விடும். அதைவிட மோசம், வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலினை வாய்வழி கொடுப்பது. முயலின் குடலிலுள்ள நல்ல கிருமிகளை அது அழித்து உயிரையே எடுத்துவிடும்.

முயல் சத்தமில்லாமல் நோவைத் தாங்கும் என்பதை உலகம் வேறு விதமாகவும் பயன்படுத்தியது. 1944இல் அமெரிக்காவின் ஜோன் டிரெய்ஸ் வகுத்த சோதனையில், அழகுசாதனப் பொருட்களை முயலின் கண்ணில் இட்டுப் பார்த்தார்கள். பெரிய கண், குறைந்த கண்ணீர், சாதுவான சுபாவம். 1980இல் விலங்குரிமைச் செயற்பாட்டாளர் ஹென்றி ஸ்பைரா நியூயோர்க் ரைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து இதைக் கேள்விக்குள்ளாக்கினார். ஐரோப்பிய ஒன்றியம், விலங்கில் சோதித்த அழகுசாதனப் பொருட்களின் விற்பனையை 2013இல் முற்றாகத் தடுத்தது.

இலங்கையில் மிருக வைத்திய பீடம் பேராதனையில் மட்டும்தான். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 பாதையில் முன்னூறு கிலோமீற்றருக்கு மேல். முயலுக்கு அந்தப் பயணமே ஆபத்து. ஆகவே முதலில் பக்கத்து அரச மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். முயல் சாப்பிடாமல் அரை நாள் கடந்தால், கண்ணை விட வயிறுதான் அவசரம்.

பார்வை திரும்பாது என்றாலும் முயல் முடிந்துபோகாது. நோகிற குருட்டுக் கண்ணை அகற்றிய பிறகு உசாராகிற முயல்கள் உண்டு. சாப்பாட்டுச் சட்டியையும் தண்ணீரையும் ஒரே இடத்தில் வையுங்கள். தொடுமுன் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். சீமெந்துத் தரையில் சாக்கு விரியுங்கள், கால் வழுக்காது. கூட இன்னொரு முயல் இருந்தால் பிரிக்காதீர்கள், அதன் பின்னாலேயே இது போகும். வளவில் மட்டும் தனியாக விடவேண்டாம். கட்டில்லாத கிணறும், வேலிக்குள்ளால் வரும் கீரியும் அதற்குத் தெரியாது.

புதிதாக முயல் வாங்கப் போகிறவர்கள் நிறத்தைப் பார்க்குமுன் இரண்டு கண்ணையும் வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு முன்னங்காலின் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே மயிர் ஈரமாகித் திரண்டிருந்தால், அது வடியும் கண்ணையோ மூக்கையோ துடைத்த அடையாளம். அந்த முயலை முதலில் வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள்.