செலவழித்த பின் வரும் பணம்

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி கால்வைத்த தங்கவயல் சுரங்கங்கள், பின்னர் அரசாங்கத்தின் கைக்கு மாறி, 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. ஊரிகத்திலும் மாரிகுப்பத்திலும் வாழும் தமிழ்க் குடும்பத்தார் பலர் இன்று விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அவர்கள் திரும்பும்வரை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஒரு மாலைப் பள்ளி தொடங்கலாம் என்று நம் மாணவர் சிலர் எண்ணுவது இயல்பே. எண்ணம் நல்லது, கணக்கு எப்படி?

நன்கொடை நிறுவனங்கள் பல, பணத்தை முன்னதாகத் தருவதில்லை. நாம் செலவு செய்து, ரசீதைக் காட்டினால், அந்தத் தொகையை ஈடு செய்கின்றன. மூன்று ஆசிரியர்களுக்கு மாதம் 4,000 ரூபாய் வீதம் மூன்று மாதச் சம்பளம் 36,000 ரூபாய். வாடகையும் நோட்டுப் புத்தகமும் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 45,000 ரூபாயைச் சங்கம் முதலில் தன் கையிலிருந்து போட வேண்டும். ஓர் ஆசிரியரின் ஒரு மாதக் கையெழுத்து விடுபட்டால் போதும், 4,000 ரூபாய் வெட்டப்படும். அது யார் தலையில் விழும்? பெரும்பாலும் அடுத்த மாதச் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் ஆசிரியர் தலையில்தான்.

களவு நடப்பதைவிடக் கவனக்குறைவால் இழப்பதே அதிகம் என்பது என் கருத்து. மானியம் அனுமதிக்கப்படும் முன்பே செய்த செலவு, திட்டத்தில் இல்லாத செலவு, எழுத்து மங்கிய ரசீது ஆகியவை திரும்பி வந்துவிடும். இவற்றினும் கேடானது ஒன்றுண்டு. ஒரே வாடகை ரசீதை இரண்டு கொடையாளரிடம் காட்டி இருமுறை பணம் பெறுவது. வேண்டுமென்று செய்யாவிடினும், தணிக்கையாளர் கண்ணுக்கு அது மோசடியே. இதைத் தடுக்க ஒரு ரப்பர் முத்திரை போதும்! எந்த மானியத்தில், எந்தத் தேதியில் கோரப்பட்டது என்று அசல் ரசீதின் மீதே குத்திவிட வேண்டும். ஒவ்வொரு மானியத்திற்கும் பேரேட்டில் தனிப் பக்கம் வேண்டும்.

அடுத்தது கைகளைப் பிரிப்பது. பொருள் வாங்குகிறவர் ஒருவர், அனுமதிப்பவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் மற்றொருவர். சிறிய சங்கத்தில் மூவர் கிடைக்காவிட்டால், கையெழுத்திடாத ஓர் உறுப்பினர் மாதம் ஒருமுறை வங்கிக் கணக்கை ரொக்கப் புத்தகத்துடன் ஒப்பிட்டாலும் பாதி வேலை முடிந்தது. கோரிக்கையை அனுப்புமுன் ஒவ்வொரு வரிக்கும் ரசீது உண்டா என்று அவரே பார்த்துவிடலாம்.

இங்கே ஒரு செய்தி. 1930ஆம் ஆண்டில் தங்கவயல் தொழிலாளர், விரல் ரேகை பதிக்கும் ஏற்பாட்டை எதிர்த்து 21 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். கீழே இருப்பவரை மட்டும் சந்தேகிக்கும் காவலை யாரும் மனமார ஏற்பதில்லை அன்றோ? எனவே பேருந்துச் செலவு கேட்கும் தொண்டருக்கு விதித்த விதியே செயலாளரின் பயணத்திற்கும் பொருந்த வேண்டும். தம் செலவைத் தாமே அனுமதிக்கும் உரிமை எவருக்கும் இருக்கலாகாது.

அரசாங்க மானியமாயின், 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி, நிதியாண்டு முடிந்த 12 மாதங்களுக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். வெளிநாட்டுக் கொடையோ இன்னும் கடினம். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பெற்ற பணத்தைப் பிற சங்கத்திற்கு மாற்றித் தரவும் இயலாது. ஆகவே பெங்களூரிலுள்ள பெரிய சங்கம் ஒன்று வெளிநாட்டுப் பணம் பெற்று ஊரிகத்துச் சிறு சங்கத்திற்குப் பகிர்ந்தளிக்கும் வழி அடைபட்டுவிட்டது. இத்திருத்தம் சிறிய ஊர்களை வருத்துகிறது என்றே சொல்வேன்.

கையில் மூன்று மாதச் செலவுக்கான தொகை இல்லாத சங்கம், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே முதல் தவணையை முன்பணமாகக் கேட்கலாம். கொடையாளர் பலர் இதற்கு இசைவதுண்டு. கையெழுத்தான பின் கேட்டால் கிடைப்பது அரிது.