தினையின் பதம்

தினையை நாம் உமி நீக்கிப் பொங்கலாகவும் மாவாகவும் உண்கிறோம். அமெரிக்காவில் நெப்ராஸ்கா, தெற்கு டகோட்டா, கிழக்குக் கொலராடோ போன்ற வறண்ட சமவெளிகளில் அதே தினையைப் பெரும்பாலும் மாட்டுத் தீவனத்துக்காகவே விதைக்கிறார்கள். சில வயல்களை விதைக்கென்று முற்ற விடுவார்கள். எது தீவனம், எது விதை என்பதை முடிவு செய்வது முக்கியமாக அறுக்கும் நாள்தான்.

வெல்லப்பாகு காய்ச்சியவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். ஒரே வெல்லம், ஒரே அடுப்பு. தண்ணீரில் விட்ட துளி மெத்தென்று உருண்டால் அதிரசத்துக்கு இறக்குகிறோம். அதுவே இறுகி, தட்டில் போட்டதும் ‘டங்’ என்று கேட்டால் கடலைமிட்டாய்க்கு.

மண்ணின் வெப்பம் 18 டிகிரி செல்சியஸைத் தொட்ட பிறகு, ஜூன் வாக்கில் தினை விதைக்கிறார்கள். பொடி விதை என்பதால் ஓர் அங்குலத்துக்குமேல் ஆழம் போகக்கூடாது. வளரும்போது புரதமும் சர்க்கரையும் இலையிலும் இளந்தண்டிலும் சேர்கின்றன. மணி பால் பிடித்ததும் அவை மேலேறத் தொடங்கும். தாளில் நார் மிஞ்சும். அதனால் தீவனத்துக்குத் தொண்டைக்கதிர் பருவத்திலிருந்து பூக்கத் தொடங்கும்வரை, ஏறக்குறைய 50 முதல் 60 நாளில் அறுத்து உலர்த்துகிறார்கள். கூடுதல் விளைச்சலுக்கு ஆசைப்பட்டுத் தள்ளிப்போட்டால் சத்து குறைவதோடு நிற்காது. கதிரின் சுணை விறைத்து, மாட்டின் வாயைக் குத்திப் புண்ணாக்கும். முற்றிய பாகில் தண்ணீர் தெளித்து இளக்கலாம். முற்றிய தாளுக்கு அப்படி ஒரு வழி இல்லை.

பதம் சரியாக இருந்தாலும் வறட்சி வருடத்தில் கவனம் வேண்டும். வாடிய பயிரின் அடித்தண்டில் நைட்ரேட் தேங்கும். உலர்த்தினாலும் அது போகாது. அதிகமானால் மாட்டின் உயிருக்கே ஆபத்து. அதனால் அடித்தண்டை உயரமாக விட்டு அறுப்பதும், மாட்டுக்குப் போடுமுன் ஆய்வகத்தில் சோதிப்பதும் அவசியம். குதிரைக்கோ எந்தப் பதத்திலும் தினைத்தாளை முழுத் தீவனமாக்கக் கூடாது. அதிலுள்ள ஒரு வேதிப்பொருள் சிறுநீரகத்தையும் மூட்டுகளையும் கெடுக்கும்.

விதைக்கு விட்ட வயல் இன்னும் சில வாரம் நிற்கும். நகத்தால் அழுத்தினால் மணி நசுங்கக்கூடாது. ஆனால் தாய்க்கதிர் முந்தியும் தூர்க்கதிர்கள் பிந்தியும் முற்றுவதால், எல்லாம் காயட்டும் என்று காத்திருந்தால் முந்தியது உதிர்ந்துவிடும். மிச்சத்தைக் குருவிகள் கொத்தும். ஆகவே பெரும்பகுதி முற்றியதும் அறுத்து, வயலிலேயே வரிசையாகப் போட்டுக் காயவைத்து, பிறகு எந்திரத்தால் அடித்தெடுக்கிறார்கள். மணியை ஈரம் 13 சதவீதம் அளவுக்கு இறங்கும்வரை உலர்த்திவிட்டே சேமிக்கிறார்கள். இல்லாவிட்டால் குவியல் சூடேறி முளைப்புத்திறன் போய்விடும்.