கல்லைக் கண்டேன்

"ஐம்பது வயதிற் சித்திரம் எதற்கு?" என்று வினவுவோர்க்கு நான் இலண்டன் மாநகரையே சுட்டுவேன். 1854இல் அங்கே தொழிலாளர் கல்லூரியொன்று தோன்றியது. பகலெல்லாம் உழைத்துக் களைத்தோர்க்கு அங்கு மாலையிற் சித்திரம் பயிற்றினார் கலை விமரிசகர் ஜோன் ரஸ்கின். தச்சனை ஓவியனாக்குவது அவர் நோக்கமன்று. பார்க்கக் கற்பிப்பதே நோக்கம். 1857இல் அவர் வெளியிட்ட பாடநூல், வீதியிற் கிடக்கும் உருண்டைக் கல்லொன்றை எடுத்து வரையப் பணிக்கிறது.

நானும் வரைந்தேன். எல்லைக்கோடு இட்டேன், கல் தட்டையாகவே கிடந்தது. நிழலைச் சிறிது சிறிதாகப் படியவிட்டபோதுதான் அது திரண்டெழுந்தது. ஐம்பது ஆண்டுகளாக மிதித்து நடந்த கல்லை அன்றுதான் கண்டேன். படம் சுமாரானதே. ஆயினும், முதியோர் வகுப்புக்கு இதனினும் வேறு பயன் வேண்டுமோ?