கண்ணுக்கான கண்ணாடி

திருமண அழைப்பிதழ் செய்து தரும் டிடிபி கடை ஒன்றில் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். ஆபரேட்டரின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு குடும்பமே நின்றுகொண்டிருக்கும். "தம்பி, இங்க பாருங்க, தாய்மாமன் பேர்ல ஒரு புள்ளி விட்டுப்போச்சு" என்று பெரியவர் ஆள்காட்டி விரலைத் திரையில் வைத்து அழுத்துவார். "மண்டபத்துக்குப் பக்கத்துல பஸ் ஸ்டாப் பேரும் போடணும்ப்பா" என்று மகள் வேறோர் இடத்தில் விரல் வைப்பார். இடுப்பிலிருக்கும் குழந்தை பிள்ளையார் படத்தை இழுத்துப் பெரிதாக்கப் பார்க்கும். யாரிடமும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அவர்கள் படியிறங்கிய பிறகு திரையை அணைத்துப் பார்த்தால், கறுத்த கண்ணாடி முழுக்க விரல் தடங்கள்தான் தெரியும்.

பக்க வடிவமைப்பிலேயே காலம் கழிக்கும் எனக்கு இது சின்ன எரிச்சல் இல்லை. மற்றவர்களுக்கு ஏன் இது பெரிதாகப் படவில்லை என்று யோசித்தபோது விடை பழைய நாட்களில் கிடைத்தது. அன்று யாரும் திரையைத் தொடவில்லை; தொட்டாலும் அந்தக் கண்ணாடி தாங்கும். இன்று எல்லோரும் தொடுகிறார்கள்; கண்ணாடியோ மென்மையாகிவிட்டது. நடந்த மாற்றம் முழுவதும் இதற்குள் அடங்கும்.

செருப்பைக் கழற்றிய காலம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கணினி இருந்த அறைக்கே ஒரு மரியாதை இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். ஏ.சி. ஓடும், கதவு சாத்தியே இருக்கும். வேலை முடிந்ததும் மானிட்டருக்கு ஒரு உறை, கீபோர்டுக்கு ஒரு உறை. வாடிக்கையாளர் வெளியே பெஞ்சில் காத்திருப்பார். அவர் கைக்கு வருவது தாளில் எடுத்த புரூஃப். சிவப்புப் பேனாவால் ஓரத்தில் குறித்து, கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தருவார். பிழை திருத்தம் முழுக்கத் தாளிலேயே நடந்து முடிந்ததால் அவருடைய விரல் திரைப் பக்கம் போக வேண்டிய தேவையே வரவில்லை.

அறைக்குள் வந்தவர்களும் திரையிலிருந்து தள்ளியே நின்றார்கள். அதற்கு அச்சமும் ஒரு காரணம். அன்றைய மானிட்டர் பின்பக்கம் பருத்த படக்குழாய். வண்ணப் படக்குழாய்க்குள் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டைத் தாண்டும். அதனால் முன்பக்கக் கண்ணாடியில் நிலைமின்சாரம் சேரும். போட்டவுடன் கையைக் கிட்டே கொண்டுபோனால் முழங்கை மயிர் சிலிர்க்கும், மெல்லப் படபடவென்று சத்தம் கேட்கும். "தொடாதே, ஷாக் அடிக்கும்" என்று வீட்டில் டி.வி. பெட்டியைக் காட்டிச் சொன்ன எச்சரிக்கை கணினிக்கும் செல்லுபடியானது. பல அலுவலகங்களில் திரைக்கு முன்னால் கண் கூச்சத்தைக் குறைக்கும் ஃபில்டர் கண்ணாடி ஒன்றைத் தனியாக மாட்டியிருப்பார்கள். விரல் பட்டாலும் அதில்தான் படும். கழற்றித் துடைத்து மாட்டிவிடலாம்.

அந்தத் திரைக்கும் ஒரு தொல்லை இருந்தது. நிலைமின்சாரம் தூசியை இழுத்துக்கொண்டே இருக்கும். காலையில் துடைத்தால் மாலையில் மெல்லிய சாம்பல் படிவு. ஆனால் உள்ளே இருந்தது தடித்த கண்ணாடி. பழைய பருத்தித் துணியால் அழுத்தித் துடைத்தாலும் பெரும்பாலான திரைகளுக்கு ஒன்றும் ஆகாது.

ஆயுத பூஜை அன்று மானிட்டருக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பது நம் அலுவலக வழக்கம். அப்போது திரையைச் சுற்றி அகலமான பிளாஸ்டிக் சட்டம் இருந்தது. பொட்டு அதில் அமர்ந்தது. இன்றைய மானிட்டர்களில் சட்டம் நூலளவுக்கு ஒடுங்கிவிட்டது. பொட்டு வைக்கும் விரல் சட்டத்தைத் தேடித் திரையில் போய் நிற்கிறது. பூஜைக்கு மறுநாள் காய்ந்த சந்தனத்தைத் திரை ஓரத்திலிருந்து பெயர்த்தெடுப்பதும் ஒரு வேலையாகிவிட்டது.

சுட்டிக்காட்டும் கை

திரையில் இருப்பதைக் கையால் சுட்டிக்காட்டும் ஆசை கணினியளவுக்குப் பழையது. 1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் ஸ்கெட்ச்பேட் என்ற வரைகலை மென்பொருளை உருவாக்கியபோது, திரைமேல் ஒளிப்பேனாவை வைத்துத்தான் கோடு வரைந்தார். 1965-இல் இங்கிலாந்தின் மால்வெர்ன் ராடார் ஆய்வு நிலையத்தில் ஈ. ஏ. ஜான்சன், விரல் பட்டதை உணரும் திரையைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் மவுஸை மேடையில் இயக்கிக் காட்டினார். கை மேசையிலேயே இருக்கும், அம்பு மட்டும் திரைக்குள் போகும். தடம் விடாத விரல் என்று அந்த அம்பைச் சொல்லலாம்.

தொடும் திரை அப்போதே கடைக்கு வராமல் இல்லை. 1983-இல் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனம் எச்.பி.-150 என்ற கணினியை விற்றது. திரையைச் சுற்றிலும் அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓட, விரல் எந்த இடத்தில் அவற்றை மறிக்கிறது என்று அது கண்டுபிடிக்கும். ஆனால் எதிரே நிமிர்ந்து நிற்கும் திரையை நாள் முழுக்கக் கை நீட்டித் தொட்டால் தோள் வலிக்கும். இதே காரணத்தைச் சொல்லித்தான் 2010-இல் ஸ்டீவ் ஜாப்ஸ், மடிக்கணினியின் நிமிர்ந்த திரையில் தொடுதல் சரிப்படாது என்றார். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது மடிக்கணினி உற்பத்தியாளர்கள் பலர் தொடுதிரையைச் சேர்த்தார்கள்.

நம் கையின் பழக்கத்தை மாற்றியது கைப்பேசி. 2007-இல் ஐபோன், 2010-இல் ஐபேட், அவற்றைத் தொடர்ந்து மலிவான ஆண்ட்ராய்டு கைப்பேசிகள். சென்னைப் புறநகர் ரயில் நிலையத்தில் டிக்கெட் எடுக்கும் இயந்திரத்தையும் விரலால் தொடுகிறோம். பக்கவாட்டுப் பொத்தான்களோடு இருந்த ஏ.டி.எம். திரைகள் பல இப்போது தொடுதிரைகள். பேசத் தொடங்கும் முன்பே குழந்தை திரையைத் தள்ளப் பழகுகிறது. கண்ணாடி ஒளிர்ந்தால் தொட வேண்டும் என்று கை தானாகவே கற்றுக்கொண்டுவிட்டது.

ஒரே ஒளி, வேறு கண்ணாடி

கைப்பேசித் திரையும் அலுவலக மானிட்டரும் பார்வைக்கு ஒன்றுபோல ஒளிர்கின்றன. செய்திருக்கும் விதம் வேறு. கைப்பேசியின் மேலே வேதிமுறையில் வலுவூட்டிய கண்ணாடி உண்டு. அதன்மேல் எண்ணெய் ஒட்டாத மேற்பூச்சு. ஐபோனில் இந்தப் பூச்சு 2009-இல் 3ஜி.எஸ். மாடலோடு வந்தது. விரலுக்காகவே செய்த கண்ணாடி அது.

மேசை மானிட்டர்கள் பெரும்பாலானவற்றில் அப்படிக் கெட்டியான கண்ணாடி வெளியே இல்லை. நாம் தொடுவது போலரைசர் என்ற பிளாஸ்டிக் படலத்தை. அதற்குள்ளே இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகள். அவற்றுக்கிடையே மைக்ரோமீட்டர் கணக்கில் அளக்கும் இடைவெளி. அதில் திரவப் படிகம். விரலால் அழுத்தும்போது நிறம் கலைந்து அலைபோலப் பரவுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடைவெளி நசுங்குவதால் வருவது அது. மெல்லத் தொட்டால் உடனே சரியாகும். பலமாக அழுத்தினால் நிரந்தரமாகக் கறை விழவும் கூடும்.

வெளிப்படலத்தில் ஒளி பிரதிபலிக்காமல் இருக்க நுண்ணிய சொரசொரப்பு வைத்திருப்பார்கள். விரலின் எண்ணெய் அந்தச் சொரசொரப்பில் இறங்கி நிரவிவிடும். பிறகு அந்த இடம் மட்டும் பளபளக்கும். ஒரே துடைப்பில் போகாது. விரல் நுனியில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது, வியர்வைச் சுரப்பி மட்டும்தான். ஆனால் நாம் முகத்தைத் துடைக்கிறோம், தலையைக் கோதுகிறோம். தேங்காயெண்ணெய் தடவிய தலை, நாலு மணி பஜ்ஜி, நெற்றியின் திருநீறு எல்லாம் விரல் வழியாகத் திரைக்கு இடம்பெயர்கின்றன.

ஒரு புள்ளியின் விலை

"இதுல என்னங்க இருக்கு, தொடச்சா போச்சு" என்பார்கள். தமிழ் எழுத்தோடு வேலை செய்பவருக்கு அது அவ்வளவு எளிதில்லை. நம் எழுத்தில் ஒரு புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதில் எழுத்தே மாறிவிடும். பத்துப் பாயின்ட் அளவில் ஓடும் வரியில், எழுத்தின் தலைக்கு நேரே ஒரு தூசியோ காய்ந்த துளியோ ஒட்டியிருந்தால் 'க' என்பது 'க்' என்று தெரியும். சந்தேகம் வந்தால் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்திப் பார்ப்போம். புள்ளியும் கூடவே நகர்ந்தால் எழுத்து. நின்ற இடத்திலேயே நின்றால் அழுக்கு. ஒரு பக்கத்தில் இப்படிப் பலமுறை நின்று பார்க்க வேண்டியிருந்தால் வேலை எவ்வளவு இழுக்கும், கண் எவ்வளவு களைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வண்ணம் பார்ப்பவர் பாடு இன்னும் கடினம். மணப்பெண் முகத்தின் நிறத்தைச் சீர்செய்யும்போது அந்தக் கன்னத்தின்மேலேயே ஒரு விரல் தடம் இருந்தால், ஒளி அங்கே சிதறும். எண்ணெய்த் துளி சின்ன லென்ஸாக மாறி, கீழிருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைப் பிரித்துக் காட்டும். வெள்ளை இடத்தில் வானவில் துணுக்குகள் மின்னுவது அதனால்தான்.

மருத்துவமனையிலும் இந்த மாற்றம் நடந்திருக்கிறது. எக்ஸ்ரே ஃபிலிமாக இருந்த காலத்தில் அதை ஓரத்தில் பிடித்துத்தான் தூக்குவார்கள். ஒளிப்பெட்டியில் மாட்டி, ஸ்கேல் நுனியாலோ பேனா முனையாலோ கிட்டே காட்டுவார்கள். புகைப்பட நெகட்டிவையும் ஓரத்தில்தான் பிடித்தோம். பார்க்கும் பரப்பில் விரல் படக் கூடாது என்ற பாடம் எந்தத் தொழிலிலும் முதல் நாளே சொல்லித்தரப்பட்டது. இப்போது ஸ்கேன் படம் திரையில் வருகிறது. மிகச் சிறிய நிழலைத் தேடும் மருத்துவரின் கண்ணுக்கு முன்னால் விரல் தடம் இருக்கவே கூடாது. பொருள் மாறியதோடு அந்தப் பாடமும் கைவிட்டுப் போயிற்று.

விரல் தடம் ரகசியத்தையும் காட்டிக்கொடுக்கும். 2010-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தொடுதிரையில் படிந்த எண்ணெய்த் தடத்தைப் படம் பிடித்து, கைப்பேசியைத் திறக்கும் கோட்டு வடிவத்தைக் கண்டறிய முடியும் என்று காட்டினார்கள்.

துடைப்பதும் சொல்வதும்

அன்று துடைக்கக் கையில் கிடைத்த துணி போதும். இன்று அந்தப் பழக்கமே திரைக்குக் கேடு. சட்டை நுனியில் இருக்கும் மண்துகள் படலத்தைக் கீறும். செய்தித்தாளும் டிஷ்யூ காகிதமும் மென்மையான பரப்புக்கு ஏற்றவை அல்ல. ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் ஸ்பிரேக்களில் அம்மோனியாவோ ஆல்கஹாலோ இருந்தால் மேற்பூச்சு கெடக்கூடும். திரையை அணைத்து, மைக்ரோஃபைபர் துணியால் முதலில் உலர்வாகத் துடைக்க வேண்டும். போகாவிட்டால் துணியில் சில துளி சுத்தமான நீர். நீரைத் திரையில் நேரே தெளிக்கக் கூடாது. ஓரம் வழியாக உள்ளே இறங்கும். 2021-இல் ஆப்பிள் நிறுவனம் திரை துடைக்கும் துணி ஒன்றை இந்தியாவில் 1,900 ரூபாய்க்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. துடைப்பதே தனி வணிகமாகும் அளவுக்குத் தொடுதல் பெருகிவிட்டது.

துடைப்பதைவிடக் கடினமானது, தொடாதீர்கள் என்று சொல்வது. நண்பரிடம் சொல்லிவிடலாம். மேலதிகாரி பந்துமுனைப் பேனாவால் திரையைத் தட்டித் தட்டித் திருத்தம் சொல்லும்போது எந்த இளநிலை ஊழியர் வாய் திறப்பார்? பணம் கொடுக்கும் வாடிக்கையாளரிடம் எந்த ஆபரேட்டர் சொல்வார்? வாயை மூடிக்கொண்டு, அவர்கள் போனதும் துணியை எடுக்கிறார்கள். அவர்கள் சார்பில்தான் நான் இதை எழுதுகிறேன். ஒருவர் நாள் முழுதும் பார்த்து உழைக்கும் திரை அவருடைய மூக்குக்கண்ணாடி போன்றது. பிறர் முகத்திலிருக்கும் மூக்குக்கண்ணாடியில் நாம் விரல் வைப்போமா?

வழியும் எளிதுதான். வாடிக்கையாளர் கையில் மவுஸைக் கொடுத்து அம்பால் காட்டச் சொல்லலாம். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டலாம். பழையபடி ஒரு தாளில் புரூஃப் எடுத்துக் கையில் கொடுத்துவிடலாம். முக்கியமான வேலைக்கு இன்றும் அதுவே நல்லது. பள்ளியில் கணினி சொல்லித்தரும் ஆசிரியர்கள், தொடும் திரை எது, பார்க்கும் திரை எது என்பதை முதல் வகுப்பிலேயே பிள்ளைகளுக்குக் காட்டலாம். வீட்டில் பெற்றோரும் அப்படியே.

உங்கள் கைப்பேசியை எத்தனை முறை வேண்டுமானாலும் தொடுங்கள். அது அதற்கென்றே செய்தது. அடுத்தவர் மேசையில் இருக்கும் திரைக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் விரலை ஒரு சாண் தள்ளியே நிறுத்துங்கள். "மூணாவது வரி, ரெண்டாவது வார்த்தைங்க" என்று வாயால் சொன்னாலே ஆபரேட்டருக்குப் புரிந்துவிடும்.