முதலிடம் பெற்ற பள்ளி நண்பர்கள்: சிங்கப்பூரின் ‘குவெஸ்ட்ஸ்’ குழு

அயல்நாட்டு இசைக்குழுவின் புகழ் கடல் கடந்து வருவது புதிதன்று. உள்ளூர்க் குழுவொன்று அப்புகழைத் தன் ஊரில் பின்தள்ளுவதே அரிது. சிங்கப்பூர் மலேசியாவுடன் இணைந்திருந்த 1964-ஆம் ஆண்டில் அவ்வரிய செயலைச் செய்தவர்கள் ‘குவெஸ்ட்ஸ்’ குழுவினர்.

குவீன்ஸ்டவுன் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியில் தோன்றிய குழு இது. பள்ளி இதழின் பெயரே குழுவின் பெயராயிற்று. அக்காலத்து இளைஞரின் ஆர்வத்திற்கு ஒரு காரணம் உண்டு. 1961-ஆம் ஆண்டு நவம்பரில் ஆங்கிலப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் ‘ஷாடோஸ்’ குழுவினரும் கேலாங்கிலிருந்த ‘ஹாப்பி வோர்ல்ட்’ அரங்கில் நிகழ்ச்சி நடத்தினர். மூன்று மின் கிட்டார்களும் ஒரு முரசுத் தொகுதியும் இருந்தால் குழு அமைக்கலாம் என்பதை அன்று பலர் நேரில் கண்டனர். அதன்பின் நகரெங்கும் கிட்டார்க் குழுக்கள் முளைத்தன.

கேளிக்கைப் பூங்காக்களும் இசைஞர்க்கு மேடை தந்தன. சிராங்கூன் சாலைக்கு அருகே 1923-இல் தொடங்கிய ‘நியூ வோர்ல்ட்’ அவற்றுள் ஒன்று.

குவெஸ்ட்ஸ் குழுவில் பாஸ் கிட்டார் வாசித்த ஹென்றி சுவா ‘ஷான்டி’ என்னும் இசைக்கோவையை இயற்றினார். முதன்மைக் கிட்டாரை ஏற்றவர் ரெஜி வர்கீஸ். ஈ.எம்.ஐ. நிறுவனம் 1964-இல் அதனை இசைத்தட்டாக வெளியிட்டது. அது ‘பீட்டில்ஸ்’ குழுவின் ‘ஐ ஷுட் ஹேவ் நோன் பெட்டர்’ பாடலை விலக்கி, உள்ளூர் வரிசையில் முதலிடம் பெற்றது. உள்ளூர்க் குழுவொன்று அவ்விடத்தை அடைந்தது அதுவே முதன்முறை.

இவ்வெற்றியில் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ‘ஷான்டி’யில் சொற்களே இல்லை. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் எனப் பல மொழிகள் வழங்கும் நகரில், சொல்லில்லாத இசைக்கு மொழி வேலியும் இல்லை. இக்குழுவினர் பின்னர் ரீட்டா சாவ், சகுரா தெங் முதலிய சீனப் பாடகியர்க்கும் பின்னணி வாசித்தனர். 1966-இல் பாடகர் வெர்னன் கொர்னீலியஸ் சேர்ந்தார். அவ்வாண்டே ‘குவெஸ்டிங்’ என்னும் நீள் இசைத்தட்டும் வெளிவந்தது.

ஆயினும், அந்த அலை நெடுநாள் நிற்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் குழு கலைந்துவிட்டது. மேலைநாட்டு இளைஞர் பண்பாட்டின் மீது அரசு ஐயங்கொண்ட காலம் அது. ஆடவரின் நீண்ட தலைமுடிக்கும் கட்டுப்பாடு வந்தது. 1971-இல் பிரித்தானியப் படைகளில் பெரும்பகுதி வெளியேறியதால் அவ்விசைக்குரிய கேட்போரும் குறைந்தனர்.

திறமை மட்டும் இருந்தால் போதாது. மேடை, பதிவு நிறுவனம், காது கொடுக்கும் ஊர் ஆகிய மூன்றும் கூடவேண்டும். அவை கூடியபோது, பள்ளி நண்பர்கள் சிலர் உலகப் புகழை ஒருமுறை முந்தினர். சொந்த ஊரின் கலைக்கு ஊரார் இடம் தந்தால் என்ன விளையும் என்பதற்கு ‘ஷான்டி’ ஒரு சான்று.