ஒற்றைத் தடச் சாலையும் ஒரு ஃபெர்ரி டிக்கெட்டும்... ஸ்காட்லாந்து தீவுகளுக்கு ஜோடியாக ஒரு கார் பயணம்!

ஸ்காட்லாந்தில் வாடகைக்கு கார் எடுக்கும் இந்தியத் தம்பதிக்கு முதல் நாள் பெரிய பயம் எதுவும் இருக்காது. ஸ்டீயரிங் வலப்பக்கம், வண்டி ஓடுவது இடப்பக்கம், எல்லாம் நம் ஊர் போலத்தான். இந்திய டிரைவிங் லைசென்ஸை வைத்தே 12 மாதங்கள் வரை அங்கே கார் ஓட்டலாம். வேக அளவை மைலில் எழுதியிருப்பார்கள் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பலகையில் 60 என்று இருந்தால், கிட்டத்தட்ட 97 கிலோமீட்டர்.

கிளாஸ்கோவிலிருந்து லோமண்ட் ஏரிக்கரையோரம் ஏ82 சாலையில் வடக்கே ஏறினால், முதலில் மலைகள் நெருக்கி நிற்கும் கிளென்கோ பள்ளத்தாக்கு. அப்புறம் 21 வளைவுகள் கொண்ட கிளென்ஃபினன் ரயில் பாலம். ஹாரி பாட்டர் படத்தில் ரயில் போகுமே, அதே பாலம்தான்! அதைப் பார்க்க வரும் கூட்டத்தில் பார்க்கிங் கிடைப்பதே பாடு. வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு ஓடாதீர்கள்.

யார் ஒதுங்குவது?

மேற்குக் கரையிலும் தீவுகளிலும் பல சாலைகள் ஒரே ஒரு கார் போகும் அகலம்தான். எதிரிலும் வண்டி வரும். அதற்காகவே கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாகச் சாலையை அகலப்படுத்தி, 'பாஸிங் பிளேஸ்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். அந்த இடம் உங்களுக்கு இடப்பக்கம் இருந்தால் அதற்குள் ஒதுங்க வேண்டும். வலப்பக்கம் இருந்தால், உள்ளே போகாமல் அதற்கு நேராக உங்கள் பக்கத்திலேயே நின்றுவிட வேண்டும். எதிரில் வருபவர் வளைந்து போய்விடுவார். பின்னால் அவசரமாக யாராவது வந்தால், அவருக்கும் இப்படித்தான் வழிவிட வேண்டும். போகிறவர் கையை லேசாக உயர்த்துவார். நீங்களும் உயர்த்த வேண்டும்.

இந்த இடத்தில் காரை நிறுத்திவிட்டு டீ குடிப்பதும் செல்ஃபி எடுப்பதும் உள்ளூர்க்காரர்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அவர்களுக்கு அது பள்ளி வேன் வரும் வழி, டாக்டர் வரும் வழி.

ஓட்டாதவருக்கும் வேலை இருக்கிறது. மலைகளுக்கு நடுவே போன் சிக்னல் போய்விடும். மேப்பை முன்கூட்டியே டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஒதுங்கும் இடம் எங்கே, செம்மறி ஆடு குறுக்கே படுத்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல இரண்டு ஜோடிக் கண்கள் கட்டாயம் தேவை.

கப்பலைத் தவறவிட்டால்?

கிளாஸ்கோவிலிருந்து சுமார் 240 கிலோமீட்டரில் மலெய்க் துறைமுகம். காரோடு ஃபெர்ரியில் ஏறினால் ஸ்கை தீவு. ஸ்கைக்கு 1995 முதல் பாலமும் உண்டு. அதில் வசூலித்த கட்டணத்தை எதிர்த்து மக்கள் வருடக்கணக்கில் போராட, 2004 டிசம்பரில் கட்டணமே ரத்தானது. ஆனால் ஸ்கையைத் தாண்டி ஹாரிஸ், லூயிஸ், யூயிஸ்ட் தீவுகளுக்குப் போக கடல்வழிதான்.

திட்டமிடல் சொதப்புவது இங்கேதான். கோடையில் காருக்கான இடம் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். காற்று பலமாக அடித்தால் கப்பல் ரத்து. கப்பல்களும் வயதானவை. 2015-ல் ஆர்டர் கொடுத்து 2018-ல் வரவேண்டிய 'கிளென் சானக்ஸ்' என்ற புதிய கப்பல், 2025 ஜனவரியில்தான் ஓடத் தொடங்கியது! சுற்றுலாப் பயணிக்கு இதனால் ஒரு நாள் ஹோட்டல் பணம் போகும். தீவில் வாழ்பவருக்கோ மருத்துவமனை அப்பாயின்ட்மென்ட் போகும். எனவே டிக்கெட்டை முன்பே எடுங்கள். திட்டம் மாறினால் உடனே ரத்து செய்யுங்கள். அந்த இடம் யாருக்கோ அவசரமாகத் தேவைப்படலாம்.

ஹாரிஸில் லஸ்கென்டயர் கடற்கரையின் வெள்ளை மணலைப் பார்த்தால் இது ஸ்காட்லாந்துதானா என்று சந்தேகம் வரும். தண்ணீரில் கால் வைத்ததும் சந்தேகம் தீர்ந்துவிடும்! 'ஹாரிஸ் ட்வீட்' என்ற பெயரில் துணி விற்க வேண்டுமானால், இந்தத் தீவுக்கூட்டத்தில் வாழ்பவர் தன் வீட்டிலேயே கையால் நெய்திருக்க வேண்டும். 1993-ல் இதற்குத் தனிச் சட்டமே போட்டார்கள். பக்கத்து லூயிஸில் ஞாயிறு என்றால் ஓய்வும் சர்ச்சும்தான். அதன் தலைநகர் ஸ்டோர்னோவேயில் ஞாயிறு ஃபெர்ரி தொடங்கியதே 2009-ல்தான். சனிக்கிழமையே பெட்ரோலும் ரொட்டியும் வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

வழி நெடுக மனிதர்களே இல்லாத பள்ளத்தாக்குகள் வரும். 'என்ன அமைதி!' என்று தோன்றும். கொஞ்சம் இறங்கி நடந்தால், புல்லுக்குள் கூரையில்லாத கல்வீட்டுச் சுவர்கள் தெரியலாம். 18, 19-ம் நூற்றாண்டுகளில் ஆட்டுப் பண்ணைகள் அதிக லாபம் தருகின்றன என்று நில உடைமையாளர்கள் குடியானவர்களை வெளியேற்றினார்கள். பலர் கப்பலேறி கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். 1882-ல் ஸ்கையின் பிரேஸ் பகுதி மக்கள் போலீஸை எதிர்த்து நின்ற பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. 1886-ல் நிலத்தில் நிலைத்திருக்கும் உரிமையைத் தரும் சட்டம் வந்தது.

காரை விட்டுவிட்டுப் போகும் தீவு

ஜோடியாகப் போகிறவர்கள் ஒரு நாளை கன்னா என்ற குட்டித் தீவுக்கு ஒதுக்கலாம். காரை மலெய்க்கிலேயே விட்டுவிட வேண்டும்.

அமெரிக்கப் பெண்ணான மார்கரெட் ஃபே ஷா, கேலிக் மொழிப் பாட்டுகளைத் தேடி சவுத் யூயிஸ்ட் தீவுக்கு வந்தவர். அங்கே இரண்டு சகோதரிகளின் வீட்டில் ஆறு வருடம் தங்கி, அவர்கள் பாடியதை எழுதி எடுத்தார். அந்தத் தீவில்தான் கேலிக் அறிஞர் ஜான் லோர்ன் கேம்பெலைச் சந்தித்தார். 1935-ல் கல்யாணம். 1938-ல் இருவரும் கன்னா தீவையே விலைக்கு வாங்கினார்கள். ஒரு பக்கம் விவசாயம், இன்னொரு பக்கம் தீவு தீவாகப் போய்ப் பாட்டுகளையும் கதைகளையும் பதிவு செய்வது என்று வாழ்ந்தார்கள். 1981-ல் தீவையும் சேகரிப்பையும் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கேம்பெல் 1996-ல் இத்தாலியில் இறந்தார். பத்து வருடம் கழித்து அவர் உடலைக் கன்னாவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். மார்கரெட் 2004-ல், 101 வயதில் காலமானார். அவரை அடக்கம் செய்தது கன்னாவில் அல்ல. பாட்டுகளைத் தேடி அவர் வந்த சவுத் யூயிஸ்ட்டில்.